புற்றுச்செல்லின் சர்க்கரைப் போர்வை: பரவலுக்குக் காரணமா, பரவலின் தடயமா?

இணைவிழை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். புற்றுநோயைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் மரபணுப் பிறழ்வு பேசப்படுகிறது, புகையிலை பேசப்படுகிறது, புதிய மருந்துகள் பேசப்படுகின்றன. செல்லின் மேற்பரப்பில் புரதங்களோடு பிணைந்து நிற்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றி மட்டும் அநேகமாக யாரும் எழுதுவதில்லை. புற்றுநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறிப்பது முதலில் தோன்றிய கட்டியன்று, அது பிற உறுப்புகளுக்குப் பரவுவதே. அந்தப் பரவலின் ஒவ்வொரு கட்டத்திலும் இந்தச் சங்கிலிகளுக்குப் பங்கு இருக்கிறது என்று படித்த பிறகு, இந்த மௌனம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த இழை.

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். புரதத்தின் அமினோ அமில வரிசை மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் மேல் ஏறும் சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படிப்பட்ட அச்சு எதுவும் இல்லை. எண்டோபிளாச வலையிலும் கோல்கி உறுப்பிலும் வரிசையாக நிற்கும் நொதிகள் ஒன்று சேர்க்க, ஒன்று வெட்ட, இன்னொன்று கிளை பிரிக்க, கடைசியில் என்ன உருவாகிறதோ அதுவே சங்கிலி. அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் ஏறும் வகையில், முன்கூட்டியே கட்டிவைக்கப்பட்ட 14 சர்க்கரைகள் கொண்ட ஒரு தொகுதி ஒரே வீச்சில் புரதத்தின் மேல் மாற்றப்பட்டு, பிறகு கத்தரிக்கப்பட்டு, மீண்டும் வளர்க்கப்படுகிறது. செரின், திரியோனின் என்ற அமினோ அமிலங்களில் ஏறும் மியூசின் வகையில் சர்க்கரைகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. எந்த நொதி எவ்வளவு இருக்கிறது, அது கோல்கியில் எந்த இடத்தில் நிற்கிறது, மூலப்பொருள் எவ்வளவு கிடைக்கிறது என்பவற்றைப் பொறுத்து, ஒரே புரதம் வெவ்வேறு செல்களில் வெவ்வேறு போர்வையோடு வெளியே வருகிறது.

புற்றுச்செல்லில் இந்த வேலைத்தளம் கலைந்துபோகிறது. சில சங்கிலிகள் அளவுக்கு மீறிக் கிளைக்கின்றன, சில பாதியிலேயே நின்று குட்டையாகிவிடுகின்றன. பல சங்கிலிகளின் நுனியில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது. ஃபியூக்கோஸ் என்ற இன்னொரு சர்க்கரை வேறு இடங்களில் வந்து ஒட்டுகிறது. மாற்றம் உண்டு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பரவலை நடத்துவது இந்த மாற்றமா, அல்லது பரவும் செல்லில் தானாக நேரும் ஒரு பக்கவிளைவா என்பதே என் கேள்வி. இதைப் பற்றி வேலை செய்தவர்களும் படித்தவர்களும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐயவினா

நல்ல தொடக்கம், நண்பரே. ஆனால் நான் மறுப்பிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

உருமாறிய செல்களின் மேற்பரப்பில் வழக்கத்தைவிடப் பெரிய சர்க்கரைத் துண்டுகள் இருக்கின்றன என்று 1969ஆம் ஆண்டிலேயே அறிக்கை வெளிவந்துவிட்டது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேலாக ‘புற்றுநோயில் இது கூடுகிறது, அது குறைகிறது’ என்ற பட்டியல்கள்தான் குவிந்துகொண்டிருக்கின்றன. வேகமாகப் பிளவுபடும் செல் குளுக்கோஸையும் குளுட்டமினையும் அள்ளி விழுங்குகிறது. அந்த இரண்டிலிருந்துதான் சங்கிலிகளுக்கான மூலப்பொருளும் உண்டாகிறது. மூலப்பொருள் பெருகினால் சங்கிலி மாறத்தான் செய்யும். வீடு எரியும்போது புகை வரும். புகையை எரிப்புக்குக் காரணம் என்று சொல்ல மாட்டோம். இங்கே புகை எது, நெருப்பு எது என்று பிரித்துக் காட்டும் சோதனை இருந்தால் காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

இணைவிழை

நியாயமான கோரிக்கை. நான் நம்பும் சான்று எம்காட்-5 என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் நொதியைப் பற்றியது. அஸ்பராஜின் வகைச் சங்கிலியில் ஒரு குறிப்பிட்ட கிளையை, பீட்டா 1,6 கிளையை, தொடங்கிவைப்பது இந்த நொதி மட்டுமே. இந்தக் கிளை கூடுவதற்கும் செல்லின் பரவும் திறனுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று 1987இல் ஜேம்ஸ் டென்னிஸ் குழுவினர் எழுதினர். அது வரைக்கும் உங்கள் பட்டியலில் சேர்க்கக்கூடிய செய்திதான். 2000ஆம் ஆண்டில் வந்தது வேறு வகையான சோதனை. எம்காட்-5 மரபணுவே இல்லாத எலிகளை எடுத்து, அவற்றில் மார்பகக் கட்டியை உண்டாக்கும் வைரஸ் மரபணுவைச் செலுத்திப் பார்த்தார்கள். கட்டியின் வளர்ச்சியும் மந்தமானது, நுரையீரலுக்குப் பரவுவதும் வெகுவாகக் குறைந்தது. கட்டியைத் தூண்டும் மரபணு இரு தரப்பு எலிகளிலும் அதேதான். வேறுபட்டது அந்த ஒரு கிளை. உங்கள் உவமையில் சொன்னால், புகையை மட்டும் அகற்றியதும் நெருப்பு தணிந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. எம்காட்-3 என்ற நொதி சங்கிலியின் நடுவில் ஒரு சர்க்கரையைச் செருகிவிடுகிறது. அது அமர்ந்த பிறகு எம்காட்-5க்கு அங்கே வேலை செய்ய இடமில்லை. இயல்பாகவே நுரையீரலுக்குப் பாயும் எலி மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்று) செல்களில் எம்காட்-3ஐ மிகுதியாக்கியபோது அந்தப் பாய்ச்சல் அடங்கியது என்று 1995இல் ஜப்பானின் நவோயுகி தனிகுச்சி குழு காட்டியது. ஒரு நொதியை நீக்கியும் அதன் எதிராளியைக் கூட்டியும் ஒரே திசையில் விளைவு கிடைத்திருக்கிறது என்றால், அதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எப்படி நடக்கிறது என்பதற்கும் ஓரளவு விடை உண்டு. அண்டைச் செல்களை ஒன்றோடொன்று பிணைத்துவைக்கும் ஈ-கேடரின் என்ற புரதத்தின் மேல் கிளைத்த சங்கிலி ஏறினால் பிணைப்பு தளர்கிறது. எம்காட்-3 வேலை செய்த சங்கிலி ஏறினால் அதே ஈ-கேடரின் மேற்பரப்பில் நீண்ட நேரம் நிலைக்கிறது. கட்டியிலிருந்து ஒரு செல் கழன்றுகொள்வதற்கு முதலில் இந்தப் பிடி விட வேண்டும்.

பாய்மக்கலம்

கழன்ற பிறகு நடப்பதை நான் கண்ணால் பார்த்திருப்பதால் அதைச் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு தட்டையான கண்ணாடிப் பாய்கலம் இருந்தது. அதன் தரையில் ஈ-செலக்டின் என்ற புரதத்தைப் பூசி, சிறு குருதிக்குழாயில் இருக்கும் இழுவிசையை ஒத்த வேகத்தில் செல்களைக் கொண்ட திரவத்தைச் செலுத்துவோம். ஈ-செலக்டின் என்பது அழற்சி ஏற்பட்ட இடத்தில் குருதிக்குழாயின் உட்சுவரில் முளைக்கும் கொக்கி; வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்துவதே அதன் இயல்பான வேலை. நுண்ணோக்கியில் பார்த்தால், பூச்சு இல்லாத இடத்தில் செல்கள் வெறும் கோடுகளாகப் பறந்துபோகும். பூச்சுள்ள பகுதிக்குள் நுழைந்ததும் பெருங்குடல் புற்றுச்செல் சட்டென்று வேகம் இழக்கும், ஓரிடத்தில் தொட்டு, விட்டு, மீண்டும் தொட்டு, கூழாங்கல் உருள்வதுபோல் தரையோடு உருளத் தொடங்கும். சில உருண்டபடியே நின்றுவிடும். அதே செல்களைச் சியாலிக் அமிலத்தை வெட்டும் நொதியில் சிறிது நேரம் ஊறவைத்துவிட்டு மீண்டும் செலுத்தினால், பூச்சைத் தாண்டி அவை கோடுகளாகவே போய்விடும். செல் உயிரோடுதான் இருக்கிறது, புரதங்கள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன. நுனியில் இருந்த ஒரு சர்க்கரை மட்டும் இல்லை. முதல் முறை அதைப் பார்த்த அன்று நான் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

செலக்டின் பிடித்துக்கொள்வது சியாலில் லூயிஸ்-ஏ, சியாலில் லூயிஸ்-எக்ஸ் என்ற இரு நுனி அமைப்புகளை. வெள்ளணு உடலுக்குள் இடம்பெயரப் பயன்படுத்தும் அனுமதிச்சீட்டைப் புற்றுச்செல் தானும் தயாரித்துக்கொள்கிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். குருதியில் மிதக்கும்போது தட்டணுக்களும் இதே வழியில், பி-செலக்டின் மூலம், புற்றுச்செல்லின் மியூசின்களில் (சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்த புரதங்களில்) ஒட்டி அதற்குக் கவசமாகின்றன. பி-செலக்டின் இல்லாத எலிகளில் கட்டி வளர்வதும் பரவுவதும் குறைகின்றன என்று அஜித் வர்கி குழு 1998இல் காட்டியிருக்கிறது. குருதி ஓட்டத்தில் இறங்கும் புற்றுச்செல்களில் மிக மிகச் சிறு பகுதியே பிழைத்து வேறிடத்தில் கட்டியாகிறது. அவ்வளவு கடுமையான வடிகட்டலில், சுவரைப் பற்றிக்கொள்ளும் திறனும் ஒரு கவசமும் கிடைப்பது சிறிய ஆதாயமன்று.

முத்துச்சிப்பி

அறிவியலாளர்கள் நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சில வாரங்களுக்கு முன் சொன்னார்கள். மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைக்குப் போனபோதுதான் கண்டுபிடித்தார்கள். பரிசோதனை அறிக்கையில் சி.ஏ. 19-9 என்ற அளவு மிக அதிகமாக இருக்கிறது. அதைத் தேடிப் படித்தபோது ‘சியாலில் லூயிஸ்-ஏ’ என்று வந்தது, அந்தச் சொல்லைத் தேடித்தான் இந்த இழைக்கு வந்தேன்.

எனக்கு இரண்டு கேள்விகள். புற்றுச்செல்லின் மேல் சர்க்கரை ஏறுகிறது என்கிறீர்கள். அப்படியானால் அம்மாவின் உணவில் இனிப்பையும் மாவுப்பொருளையும் அடியோடு நிறுத்திவிட வேண்டுமா? உறவினர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், அம்மாவும் அஞ்சிப்போய்ச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். அந்த எண் இவ்வளவு உயர்ந்திருப்பதற்கு நோய் எங்கும் பரவிவிட்டது என்று பொருளா?

திசுவெட்டு

அம்மா, நான் நோய்க்குறியியல் துறையில் இருப்பவன். உங்கள் தாயாருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்தான் முடிவாகச் சொல்ல வேண்டியவர் என்றாலும், இரண்டு கேள்விகளிலும் பொதுவாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் உணவு. சங்கிலியில் இருக்கும் ஃபியூக்கோஸ், சியாலிக் அமிலம், அசெட்டைல் குளுக்கோசமைன் எல்லாம் வேதியியல் பொருளில்தான் சர்க்கரைகள். கிண்ணத்தில் இருக்கும் சர்க்கரை அப்படியே போய்ச் செல்லின் மேல் ஒட்டிக்கொள்வதில்லை. உடலின் செல்கள் அனைத்தும் இவற்றைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன, நலமான செல்களுக்கும் இந்தப் போர்வை இன்றியமையாதது. உணவில் மாவுப்பொருளை நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸை உண்டாக்கிக் குருதியில் அளவைக் காத்துவிடும். கணையப் புற்றுநோயில் உடல் எடை குறைவதும் ஒரு பெரிய ஆபத்து. எடை குறைந்தால் சிகிச்சையைத் தாங்கும் வலுவும் குறையும். ஆகவே அச்சத்தால் சாப்பாட்டைக் குறைப்பது தீங்கையே செய்யும். அவருக்கு நீரிழிவும் இருந்தால் கணக்கு வேறாகும். அதை மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் கேளுங்கள். தயவுசெய்து இன்றே அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எண். சி.ஏ. 19-9 என்பது ஒரு தனிப் புரதமன்று, பல புரதங்களின் மேல் நிற்கும் சியாலில் லூயிஸ்-ஏ என்ற அந்த நுனி அமைப்புதான் அளக்கப்படுகிறது. வழக்கமாக மில்லிலிட்டருக்கு 37 அலகு வரை இயல்பு என்று கொள்வார்கள். பித்தக்குழாய் அடைபட்டிருந்தால், புற்றுநோயே இல்லாவிட்டாலும் இந்த அளவு தாறுமாறாக ஏறும். இயல்பாக அந்தச் சங்கிலி பித்தத்தோடு வெளியேறிவிடும். அடைப்பு இருக்கும்போது குருதிக்குள் தேங்கிவிடுகிறது. மஞ்சள் காமாலை இருந்தபோது எடுத்த எண்ணை வைத்து நோயின் பரப்பை ஊகிக்கக் கூடாது. அடைப்பு நீங்கி, குருதியில் பிலிருபின் (காமாலையின் மஞ்சள் நிறமி) இறங்கிய பிறகு எடுக்கும் அளவுக்குத்தான் மதிப்பு. எங்கே பரவியிருக்கிறது என்பதைப் படமெடுப்புகள்தான் காட்டும்.

இன்னொன்றும் இந்த இழைக்குப் பொருத்தமாக இருக்கிறது. நூறு பேரில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்கு, பிறவியிலேயே, லூயிஸ் அமைப்பை முடித்துவைக்கும் ஃபியூக்கோஸ் நொதி வேலை செய்யாது. அவர்களுக்குக் கணையப் புற்றுநோய் எவ்வளவு முற்றினாலும் இந்த எண் ஏறாமலே இருக்கக்கூடும். ஒரு நொதியின் இருப்பும் இன்மையும் ஒரு பரிசோதனையின் பொருளையே புரட்டிவிடுகிறது.

ஐயவினா

முத்துச்சிப்பி அவர்களே, உங்கள் தாயார் நலம் பெற வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

திசுவெட்டு ஐயா சொன்னதிலிருந்தே என் அடுத்த வினா வருகிறது. லூயிஸ் நொதி இல்லாதவர்களுக்கும் கணையப் புற்றுநோய் வருகிறது, பரவவும் செய்கிறது. அப்படியானால் சியாலில் லூயிஸ்-ஏ ஒரு தடயம் மட்டுமே என்ற என் பக்கத்துக்கு இது வலுச் சேர்க்கவில்லையா?

இணைவிழை

இது நல்ல கேள்வி. சியாலில் லூயிஸ்-ஏ இல்லாவிட்டால் பரவலே நடக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கூற்று இத்துடன் விழுந்துவிட்டது. அது இருந்தால் நோய் மோசமாகிறதா என்பது தனிக் கேள்வி, அதற்கு விடை எலிகளிடமிருந்து வந்திருக்கிறது.

எலிகளுக்கு இயல்பாகவே சி.ஏ. 19-9 உண்டாக்கத் தெரியாது; அவற்றின் லூயிஸ் நொதி மரபணு செயலற்றது. இதைப் பயன்படுத்தி டேவிட் டுவேசன் குழுவினர், தேவைப்பட்ட மனித நொதிகளை எலியின் கணையத்தில் இயங்கவைத்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டனர். சர்க்கரை அமைப்பு மட்டும் தோன்றியதுமே கணையத்தில் கடும் அழற்சி ஏற்பட்டது. கணையப் புற்றுநோயில் வழக்கமாகக் காணப்படும் கேராஸ் மரபணுப் பிறழ்வையும் உடன் சேர்த்தபோது புற்றுநோய் விரைந்து வளர்ந்தது. செல்லுக்கு வெளியே இருக்கும் ஒரு புரதத்தின் மேல் இந்த அமைப்பு ஏறியதும், அது வளர்ச்சிக் காரணி ஏற்பியைத் தூண்டத் தொடங்கியதே இதற்கு வழி. சி.ஏ. 19-9ஐப் பிடிக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது அழற்சி தணிந்தது. நாற்பது ஆண்டுகளாக நாம் வெறும் அளவுகோல் என்று நினைத்திருந்த ஒன்று, நோயைத் தள்ளும் கையாகவும் இருக்க முடியும் என்று இந்தச் சோதனை காட்டிவிட்டது. இதைப் படித்த பிறகுதான் என் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஐயவினா

ஏற்கிறேன், 2019 சோதனை வலுவானது. எம்காட்-5 சான்றையும் ஏற்கிறேன். ஆனால் காரணம் என்று ஒன்றை நிறுவினால், அதைத் தடுத்தால் நோயாளிக்குப் பயன் தெரிய வேண்டும் அல்லவா? அங்கே வரலாறு உங்களுக்குச் சாதகமாக இல்லை.

குட்டையாகிப் போன சங்கிலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். டி.என்., சியாலில் டி.என். என்ற அவை நலமான திசுக்களில் அரிதாகவும் பல புற்றுநோய்களில் மிகுதியாகவும் தெரிகின்றன. ஆகவே சியாலில் டி.என்.னுக்கு எதிராக ஒரு தடுப்பூசி செய்து, பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 1,028 பெண்களிடம் மூன்றாம் கட்டச் சோதனை நடத்தினார்கள். உடலில் எதிர்ப்பொருள் உண்டானது. ஆனால் நோய் முற்றும் வேகமும் குறையவில்லை, வாழ்நாளும் கூடவில்லை. அதற்கு முன், கால்நடைகளுக்கு நஞ்சாகும் செடிகளிலிருந்து கிடைத்த சுவைன்சோனின் என்ற பொருள் கிளைத்த சங்கிலிகளைத் தடுக்கிறது, எலியில் பரவலைக் குறைக்கிறது என்று பேசப்பட்டது. மனிதர்களிடம் அது தேறவில்லை.

மேலும், குட்டைச் சங்கிலியை நீட்டிக்கும் நொதியை நீக்கினால் கணையப் புற்றுநோய்ச் செல்கள் மேலும் ஊடுருவுகின்றன என்கிறார்கள். அதே நொதி கல்லீரல் புற்றுநோயில் மிகுந்தால் நோய் மோசமாகிறது என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாகும்?

திசுவெட்டு

இரண்டும் உண்மையாகலாம் என்பதே என் அனுபவம். காரணம், சங்கிலியை நாம் அது ஏறிநிற்கும் புரதத்திலிருந்து பிரித்துப் பேசுகிறோம்.

அவரை இனத்து விதையிலிருந்து எடுக்கும் ஒரு லெக்டின் (சர்க்கரையைப் பற்றும் புரதம்) பீட்டா 1,6 கிளையை நாடி ஒட்டும். அதைக் கொண்டு மார்பகத் திசு வெட்டுகளைச் சாயமேற்றிப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். ஒரே கட்டியில், ஒரே கண்ணாடித் தகட்டில், ஒரு பகுதி அடர்பழுப்பாகவும் அதை ஒட்டிய பகுதி வெளிறியும் கிடக்கும். இயல்பான நாளத்தின் உட்படலம் மெல்லிய கோடாக மட்டும் தெரியும்; அதற்கருகிலேயே புற்றுச்செல்களில் செல்லின் விளிம்பைத் தாண்டி உட்புறம் முழுவதும் சாயம் பரவி நிற்கும். லெக்டின் எனக்குக் கிளை இருப்பதைச் சொல்கிறது. அந்தக் கிளை ஈ-கேடரினில் இருக்கிறதா, செல்லைச் சுற்றுப்புறத்தோடு பிணைக்கும் இன்டெக்ரினில் இருக்கிறதா, வளர்ச்சிக் காரணி ஏற்பியில் இருக்கிறதா என்று சொல்வதில்லை. மூன்றிலும் விளைவு வேறு. ‘புற்றுநோயில் கிளை கூடுகிறது’ என்ற ஒற்றை வாக்கியத்தை நான் இப்போதெல்லாம் அறிக்கைகளில் எழுதுவதே இல்லை.

எந்தப் புரதம், எந்தச் சங்கிலி என்ற இணையைச் சரியாகப் பிடித்த இடங்களில் பயன் ஏற்கனவே கிடைத்திருக்கிறது. குருதியில் அளக்கப்படும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் கல்லீரல் புற்றுநோயிலும் ஏறும், நாட்பட்ட கல்லீரல் அழற்சியிலும் ஏறும். ஆனால் அதன் சங்கிலியின் அடியில் ஃபியூக்கோஸ் ஏறிய வடிவத்தின் விகிதத்தைப் பார்த்தால், புற்றுநோயை இன்னும் தெளிவாகப் பிரித்தறியலாம். இந்தச் சோதனை மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. இன்னோர் எடுத்துக்காட்டு, நோயெதிர்ப்புச் செல்லை அடக்கும் பி.டி.-எல்1 புரதம். அதன் மேல் இருக்கும் சங்கிலிகள், நாம் சாயமேற்றப் பயன்படுத்தும் எதிர்ப்பொருளுக்குக் குறுக்கே நின்று, புரதம் இருந்தும் இல்லாததுபோல் காட்டக்கூடும். திசுவில் முதலில் சங்கிலிகளை நொதியால் நீக்கிவிட்டுச் சாயமேற்றினால் கணிப்பு மேம்படுகிறது என்று 2019இல் அறிக்கை வந்தது. அந்த எதிர்ப்பொருளின் முடிவை வைத்துத்தான் ஒருவருக்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை பலன் தருமா என்று கணிக்கிறோம். ஆகவே இதை நான் ஏட்டுச் சிக்கலாக நினைப்பதில்லை.

பாய்மக்கலம்

உறுப்பைப் பொறுத்து விளைவு மாறுவதற்கு ஒரு நேரடிச் சான்று. மார்பகப் புற்றுச்செல்கள் மூளைக்குள் புகுவதற்கு உதவும் மரபணுக்களை ஜோன் மசாகே குழு 2009இல் தேடியபோது, அவற்றுள் ஒன்று சியாலிக் அமிலத்தை ஏற்றும் ஒரு நொதியாக இருந்தது. அந்த நொதி இயல்பில் பெரும்பாலும் மூளையில்தான் காணப்படும். அதைப் பெற்ற புற்றுச்செல் மூளைக் குருதிக்குழாயின் சுவரில் கூடுதலாக ஒட்டிக்கொண்டு, குருதி-மூளைத் தடுப்பைக் கடந்தது. போக வேண்டிய ஊரின் உடையை அணிந்துகொண்டு போவதுபோல என்று எங்கள் ஆய்வகத்தில் சொல்வோம்.

இணைவிழை

ஐயவினா அவர்களின் சிகிச்சைக் கேள்விக்கு வருகிறேன். தடுப்பூசி தோற்றது உண்மை. ஆனால் எதிர்ப்பொருள் உண்டானால் போதும் என்ற எண்ணமே அங்கே தவறியிருக்கலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சியாலிக் அமிலம் நோயெதிர்ப்புச் செல்களை நேரடியாகவே அடக்குகிறது. நம் இயற்கைக் கொல்லி செல்களிலும் மேக்ரோஃபேஜ்களிலும் சிக்லெக் என்ற ஏற்பிகள் இருக்கின்றன. சியாலிக் அமிலத்தைத் தொட்டதும் ‘இது நம்முடையது, விட்டுவிடு’ என்ற குறிப்பை அவை உள்ளே அனுப்புகின்றன. தன் உடலையே தாக்காதிருக்க ஏற்பட்ட இந்த ஏற்பாட்டைப் புற்றுச்செல் தடித்த சியாலிக் போர்வையால் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. பரவும் வழியில் தனித்து நிற்கும் செல்லுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேண்டியதில்லை.

2022இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கரோலின் பெர்டோசியின் ஆய்வகம், 2016இல் ஒரு புதிய வழியைக் காட்டியது. மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படும் டிராஸ்டுசுமாப் எதிர்ப்பொருளோடு சியாலிக் அமிலத்தை வெட்டும் நொதியை இணைத்தார்கள். எதிர்ப்பொருள் புற்றுச்செல்லைத் தேடிப் பிடிக்கிறது, நொதி அந்த இடத்தில் மட்டும் போர்வையைக் களைகிறது, கொல்லி செல்கள் கூடுதலாகத் தாக்குகின்றன. பாய்மக்கலம் அவர்கள் கண்ணாடிக் கலத்தில் செய்ததையே, குறிபார்த்து, ஒரு செல்லின் மேல் செய்வது போன்றது இது. ஆய்வகத்திலிருந்து நோயாளி வரை போக வேண்டிய தொலைவு நீளமானது என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

உடல் முழுவதும் ஒரு நொதியை அடைத்துவிடுவது ஏன் சரிவராது என்பதற்கும் எம்காட்-5 எலிகளே சாட்சி. அவற்றில் புற்றுநோய் மந்தமானது, ஆனால் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் எளிதில் தூண்டப்பட்டு, தன்னுடலைத் தாக்கும் நோய்க்கு அந்த எலிகள் ஆளாயின என்று 2001இல் தெரியவந்தது. அந்தக் கிளை டி செல்லுக்குக் கடிவாளமாகவும் இருந்திருக்கிறது.

ஐயவினா

இந்த விளக்கத்தில் எனக்கு நிறைவு உண்டு. தடயம் மட்டுமே என்ற என் நிலையை விட்டுவிடுகிறேன். சில சங்கிலிகள், சில புரதங்களில், சில உறுப்புகளில் பரவலை நடத்துகின்றன என்பதற்கு மேல் நீட்டாமல் இருந்தால் நான் உங்களோடு நிற்கிறேன். ஒரு கோரிக்கை: இனி இந்த இழையில் யாராவது புதிய ஆய்வைப் பகிர்ந்தால், நொதி நீக்கப்பட்டதா, நீக்கியபின் திரும்பவும் சேர்த்து விளைவு மீண்டதா, எந்தப் புரதம் என்று கண்டார்களா என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள்.

முத்துச்சிப்பி

அனைவருக்கும் நன்றி. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை, ஆனால் எனக்கு வேண்டியது கிடைத்தது. திசுவெட்டு ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அன்று இரவு வழக்கம்போலச் சாப்பிட்டார். பித்தக்குழாயில் குழாய் வைத்து அடைப்பை நீக்கியிருக்கிறார்கள், கண்ணின் மஞ்சள் மெல்ல வெளுக்கிறது. மருத்துவரிடம், மஞ்சள் இறங்கிய பிறகு சி.ஏ. 19-9ஐ மீண்டும் பார்க்கலாமா என்று கேட்டேன். பிலிருபின் இயல்புக்கு வந்ததும் எடுப்போம், அதையே தொடக்க அளவாக வைத்துக்கொள்வோம் என்றார். அந்த எண் வந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்.